கொடுப்பவர் யார், முடிவெடுப்பவர் யார்: மதுரை வட்டாரத்தில் தொண்டின் வரலாறு



1997 ஜூன் 30. எரிக்கப்பட்ட வீடுகளுக்கு இழப்பீடு கேட்டு மதுரை ஆட்சியர் அலுவலகத்துக்குப் போய்விட்டுப் பேருந்தில் ஊர் திரும்பிக்கொண்டிருந்தார் மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசன். அவரையும் அவருடைய தோழர்கள் ஐவரையும் சாதிவெறிக் கும்பல் வெட்டிக் கொன்றது. அந்த ஆறு பேரின் நினைவாகத்தான் இன்று கூடியிருக்கிறோம்.

நினைவுநாளில் தொண்டைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் கேட்கக்கூடும். காரணம் இருக்கிறது. இப்படிப்பட்ட கூட்டங்கள் முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் கல்லூரிப் பிள்ளைகள் நம் அருகில் வந்து கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான். "நாங்க என்ன செய்யலாம்?" மாலைப்பள்ளியில் பாடம் நடத்தலாமா, விடுதிப் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் வாங்கித் தரலாமா, எந்தத் தொண்டு நிறுவனத்தில் சேரலாம் என்று விரிகிறது அந்தக் கேள்வி. நல்ல மனதிலிருந்து வரும் கேள்வி அது. அதற்கு ஒரு முகவரியைக் கொடுத்து அனுப்பிவிடுவது எளிது. ஆனால் இதே கேள்வியை இந்த மதுரை மண் தொண்ணூறு ஆண்டுகளுக்கும் மேலாகக் கேட்டு வந்திருக்கிறது. சில விடைகளையும் கண்டிருக்கிறது, சில இடங்களில் தோற்றும் இருக்கிறது. அந்த வரலாற்றைத் தெரிந்துகொண்டு தொண்டுக்குப் போவதும், தெரியாமல் போவதும் ஒன்றாகாது.

நாம் சொல்ல வருவது இதுதான்: ஓர் அமைப்பு எவ்வளவு கொடுத்தது என்பதை வைத்து அதன் தொண்டை அளக்க முடியாது. பெற்றுக்கொண்டவர்கள் முடிவெடுக்கும் இடத்துக்கு வந்தார்களா என்பதை வைத்தே அளக்க வேண்டும்.

நம்மவர் தொடங்கியவை

தலித்துகளுக்குத் தொண்டு என்பது வெளியிலிருந்து வந்தது என்ற ஒரு நினைப்பு பாடப்புத்தகங்களால் பரவியிருக்கிறது. வரலாறு அப்படி இல்லை. ரெட்டைமலை சீனிவாசன் 1893-லேயே 'பறையன்' இதழைத் தொடங்கினார். அயோத்திதாசப் பண்டிதர் 1907-ல் தொடங்கிய இதழின் பெயரே 'ஒரு பைசாத் தமிழன்'. கூலி வேலை செய்பவரும் வாங்கக்கூடிய விலை அது. பண்டிதர் 1914-ல் மறைந்தார். பிற்காலத்தில் அந்த இதழுக்கு மீண்டும் உயிர் கொடுத்தது கோலார் தங்கவயல். சுரங்கத்துக்குள் இறங்கி வேலை பார்த்த நம் மக்கள் வாழ்ந்த ஊர் அது. சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் 1916-ல் நந்தனார் பெயரில் கல்விக் கழகம் தொடங்கினார். சென்னையில் எல்.சி. குருசாமி இரவுப் பள்ளிகளை நடத்தினார்.

இவை எல்லாவற்றிலும் வெளியார் உதவி இல்லை என்று சொல்லவில்லை. இடம் கொடுத்தவர்கள் உண்டு, பணம் கொடுத்தவர்கள் உண்டு. ஆனால் பள்ளி எங்கே வேண்டும், யார் ஆசிரியர், இதழில் எதை எழுதுவது என்று முடிவு செய்தவர்கள் நம்மவர்கள்.

இதற்கு ஒரு தெளிவான வடிவத்தை அம்பேத்கர் 1924-ல் பம்பாயில் கொடுத்தார். அவர் தொடங்கிய பகிஷ்கிருத ஹிதகாரிணி சபைக்குத் தலைவராக இருந்தவர் சர் சிமன்லால் செடல்வாட், தலித் அல்லாத வழக்கறிஞர். ஆனால் சபையை நடத்திய நிர்வாகக் குழுவின் தலைவர் அம்பேத்கர். ஆதரவு தர விரும்பிய பெரிய மனிதர்களுக்கு மரியாதையான இடம் இருந்தது. அன்றாட முடிவுகள் பாதிக்கப்பட்ட மக்களின் கையில் இருந்தன. அந்தச் சபை அடுத்த ஆண்டே சோலாப்பூரில் மாணவர் விடுதி தொடங்கியது. விடுதி நடத்துவது நமக்குத் தெரியாத வேலை என்று யாரும் சொல்ல முடியாது.

கடனாளிகளின் சபை

1932 செப்டம்பர் 24 அன்று பூனா ஒப்பந்தம் கையெழுத்தானது. தனி வாக்காளர் தொகுதி போனது. ஆறு நாள் கழித்து, செப்டம்பர் 30 அன்று, பம்பாயில் தீண்டாமை எதிர்ப்புக்கென ஓர் அமைப்பு உருவானது. பிர்லா தலைவர், தக்கர் செயலாளர். பிறகு அதுவே ஹரிஜன சேவா சங்கம் ஆயிற்று.

அம்பேத்கர் அந்த நவம்பரில் லண்டன் வட்டமேசை மாநாட்டுக்குக் கப்பலில் போய்க்கொண்டிருந்தார். வழியிலிருந்தே தக்கருக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். தொண்டு பற்றிப் பேசும் எவரும் படித்தாக வேண்டிய கடிதம் அது. அதன் சாரம் இது. ஒரு மனிதன் தாழ்ந்து கிடப்பதற்கு அவனுடைய குணக்கேடு காரணம் என்று நினைத்தால் மது விலக்கு, நூலகம், உடற்பயிற்சி என்று அவனைத் திருத்தக் கிளம்பலாம். அவனைச் சுற்றியுள்ள சமூகம் காரணம் என்று நினைத்தால் அந்தச் சமூகத்தை மாற்றக் கிளம்ப வேண்டும். கிணறு, பள்ளிக்கூடம், ஊர்ச்சாவடி, வண்டி ஆகியவற்றில் சம உரிமைக்காக ஊர் ஊராகப் போராட்டம் நடத்துங்கள். அதில் மோதல் வரும், வரட்டும். வேலைக் கதவுகளைத் திறந்துவிடுங்கள். தொண்டர்களை ஒடுக்கப்பட்ட மக்களிடமிருந்தே எடுங்கள், ஏனென்றால் இது கூலிக்குச் செய்யும் வேலை அல்ல, அன்போடு செய்யும் வேலை.

அந்தக் கடிதத்துக்குப் பலன் இல்லை. சங்கத்தின் நடுவண் குழுவில் முதலில் இடம்பெற்றிருந்த அம்பேத்கர் விலகினார். நிர்வாகத்தில் தலித்துகளுக்கு இடம் வேண்டும் என்ற கோரிக்கைக்குக் காந்தியார் சொன்ன பதில் பலருக்கும் தெரிந்ததே. சாதி இந்துக்கள் கடன்பட்டவர்கள், தலித்துகளுக்குக் கடனைத் திருப்பிச் செலுத்தும் சபை இது, ஆகவே கடன் கொடுத்தவர்கள் இதில் உட்கார வேண்டியதில்லை, வேண்டுமானால் ஆலோசனைக் குழு அமைத்துக்கொள்ளலாம் என்பது அவர் வாதம்.

கேட்பதற்கு அடக்கமான வாதமாகத்தான் இருக்கிறது. ஆனால் கடன் எவ்வளவு, எந்த நாணயத்தில் திருப்புவது, எத்தனை தவணை என்பதைக் கடனாளியே முடிவு செய்வார் என்றால் அதற்குப் பெயர் கடன் தீர்ப்பதா? நிலமாகத் தர வேண்டியதைப் பஜனையாகத் தந்தால் யாரிடம் முறையிடுவது? அம்பேத்கருக்கும் காந்தியாருக்கும் இடையே நடந்த அந்த விவாதம் இன்று நம் ஊர்த் தொண்டு நிறுவனங்களின் குழுக் கூட்டம் வரைக்கும் வந்து நிற்கிறது.

மதுரையில் ஒரு விடுதி

அந்தச் சங்கம் மதுரைக்கு வந்தபோது அதை நடத்தியவர் வழக்கறிஞர் அ. வைத்தியநாத ஐயர். அவர் தமிழகக் கிளையின் தலைவராக இருந்தார். 1934 தொடக்கத்தில் காந்தியார் மதுரைக்கு வந்து நிதி திரட்டினார். சேவாலயம் என்ற விடுதி நடந்தது. மேலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் இரவுப் பள்ளிகள் நடந்தன.

மேலூர் வட்டம் தும்பைப்பட்டியில் பிறந்தவர் கக்கன். அவருடைய தந்தை ஊர்க்கோயில் பூசாரி. ஊர்த் தெய்வத்துக்குப் பூசை வைத்த கையின் பிள்ளை மதுரை மீனாட்சி கோயிலுக்குள் கால் வைக்க முடியாத காலம் அது. வைத்தியநாத ஐயரின் அரவணைப்பில் கக்கன் பொதுவாழ்வுக்கு வந்தார். இரவுப் பள்ளி, விடுதி என்று ஊர் ஊராக நடந்தார். 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத ஐயரும் எல்.என். கோபாலசாமியும் தலித் தோழர்கள் ஐவரையும் நாடார் ஒருவரையும் அழைத்துக்கொண்டு மீனாட்சி கோயிலுக்குள் நுழைந்தபோது அந்த ஐவரில் ஒருவர் கக்கன்.

இந்த நிகழ்வை நாம் குறைத்துப் பேச மாட்டோம். அர்ச்சகர்களில் ஒரு பகுதியினர் பூசை செய்ய மறுத்தார்கள். சொந்தச் சாதியாரின் பகையை ஐயர் தாங்கிக்கொண்டார். அவர் 1955-ல் மறைந்தபோது பெற்ற பிள்ளைகளோடு கக்கனும் நின்று இறுதிச் சடங்கு செய்ததாகச் சொல்வார்கள். அப்படி ஓர் உறவைக் கொச்சைப்படுத்த நமக்கு உரிமை இல்லை.

ஆனால் கதையின் மறுபாதியையும் சொல்ல வேண்டும். கோயில் நுழைவுக்கு ஓர் ஆண்டு முன்பு, 1938-ல், எம்.சி. ராஜா சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் ஆலய நுழைவு மசோதாவைக் கொண்டுவந்தார். மாகாணம் முழுவதற்குமான உரிமையை அதில் கேட்டார். ராஜாஜியின் அரசு அதை ஆதரிக்கவில்லை, மசோதா தோற்றது. மதுரை நுழைவுக்குப் பின் அதே அரசு 1939-ல் ஒரு சட்டம் இயற்றியது. அந்தச் சட்டத்தின் பெயரிலேயே கோயிலைத் திறந்துவிட்டவர்களுக்கு வழக்கிலிருந்து பாதுகாப்புத் தருவதும் சேர்ந்திருந்தது. உள்ளே போக எவருக்கும் உரிமை உண்டு என்ற பொதுச்சட்டம் 1947-ல்தான் வந்தது. தலித் தலைவர் உரிமையாகக் கேட்டபோது கதவு திறக்கவில்லை. நல்லவர் ஒருவர் கைப்பிடித்து அழைத்துப் போனபோது திறந்தது. வரலாற்றில் நினைவு வைக்கப்பட்டதும் கைப்பிடித்தவரின் பெயர்தான். ராஜாவின் மசோதாவைப் பற்றி இந்தக் கூட்டத்தில் எத்தனை பேர் முன்பே கேள்விப்பட்டிருக்கிறீர்கள்?

பெயரைப் பற்றியும் ஒரு சொல். ஹரிஜன் என்ற பெயரைச் சூட்டியவர்கள் அன்போடுதான் சூட்டினார்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பெயர் வேண்டாம் என்று 1938-ல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் அம்பேத்கரும் அவருடைய கட்சியினரும் சொன்னார்கள். கேட்கப்படாததால் வெளிநடப்புச் செய்தார்கள். தனக்கு என்ன பெயர் என்று சொல்லும் உரிமை கூட இல்லாதவருக்கு எத்தனை விடுதி கட்டி என்ன?

அரிசியிலிருந்து நிலத்துக்கு

அன்றைய மதுரை மாவட்டத்தில், இன்றைய திண்டுக்கல் பகுதியில், நிலமற்ற தலித் குடும்பத்தில் 1926-ல் பிறந்தவர் கிருஷ்ணம்மாள். தாய் கூலி வேலை செய்து காப்பாற்றினார். டாக்டர் சௌந்தரம் மதுரையில் நடத்திய விடுதியில் தங்கிப் படித்துப் பட்டதாரி ஆனார். அவரும் ஒரு விடுதியின் பிள்ளைதான். 1950-ல் ஜெகந்நாதனை மணந்தார். இருவரும் பூதான இயக்கத்தில் நடந்தார்கள்.

1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். கிருஷ்ணம்மாள் கீழத்தஞ்சைக்குப் போனார். ஆறுதல் சொல்லிவிட்டுத் திரும்பிவிடவில்லை, அங்கேயே தங்கினார். கூலி கேட்டதற்காக எரிக்கப்பட்ட மக்களுக்குத் துணியும் அரிசியும் போதாது என்று கண்டார். 1981-ல் கணவரோடு சேர்ந்து 'லாப்டி' என்ற உழுபவர் நில உரிமை அமைப்பைத் தொடங்கினார். நிலவுடைமையாளரோடு விலை பேசி, வங்கிக் கடன் பெற்று, நிலத்தை வாங்கித் தலித் பெண்களின் பெயரில் பதிவு செய்யும் வேலை அது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பட்டா பெற்றன.

காந்திய வழியோடு நமக்குக் கருத்து வேறுபாடு உண்டு. நிலம் விலைக்கு வாங்கித் தரப்பட வேண்டியதா, சட்டத்தால் பகிரப்பட வேண்டியதா என்ற கேள்வியும் உண்டு. ஆனாலும் இந்த வாழ்க்கையில் ஒரு பாடம் இருக்கிறது. நேற்று விடுதியில் சோறு வாங்கிச் சாப்பிட்ட பெண் இன்று என்ன கொடுக்கப்பட வேண்டும் என்பதை முடிவு செய்கிறார். அப்படி முடிவு செய்யும்போது கொடுக்கப்படும் பொருளும் மாறிவிடுகிறது. அரிசி நிலமாகிறது, குடும்பத் தலைவனின் பெயர் பெண்ணின் பெயராகிறது. பசித்தவரே திட்டம் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

ஒரே வட்டம், இரண்டு காலம்

இப்போது மேலூருக்குத் திரும்புவோம். தும்பைப்பட்டியும் மேலவளவும் ஒரே வட்டத்து ஊர்கள். தும்பைப்பட்டிக் கக்கன் 1952-ல் மக்களவைக்குப் போனார். 1957 முதல் பத்தாண்டுகள் பொதுப்பணி, வேளாண்மை, உள்துறை ஆகிய துறைகளின் அமைச்சராக இருந்தார். மாநிலக் காவல்துறையே அவருக்குக் கீழ் இருந்தது.

1996-ல் மேலவளவு ஊராட்சித் தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டது. மனுத் தாக்கல் செய்தவர்கள் மிரட்டப்பட்டு விலகினார்கள். வாக்குப் பெட்டிகள் பறிக்கப்பட்டன. எல்லாவற்றையும் தாண்டி முருகேசன் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவரை ஊராட்சி அலுவலக நாற்காலியில் உட்காரவே விடவில்லை. இறுதியில் உயிரையும் எடுத்தார்கள். உசிலம்பட்டிப் பக்கம் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் 2006 வரை தலித் தலைவர் ஒருவர் முறையாகப் பதவி வகிக்க முடியவில்லை.

உள்துறையையே ஆண்ட ஒருவரைத் தந்த மண்ணில் ஓர் ஊராட்சி நாற்காலி ஏன் எட்டவில்லை? சென்னைக் கோட்டைக்குப் போன தலித், ஊரின் அதிகாரத்தைத் தொடவில்லை. முருகேசன் தொட்டார். விடுதி ஒரு பிள்ளையை ஊரை விட்டு உயரத் தூக்கியது. ஊர் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. 1932 கடிதத்தில் அம்பேத்கர் எச்சரித்தது இதைத்தான். தனிமனிதரை உயர்த்தும் தொண்டு அவரைச் சுற்றியுள்ள சமூகத்தைத் தானாக மாற்றிவிடாது.

கக்கனின் எளிமையைப் பற்றி மேடைக்கு மேடை பேசுகிறார்கள். அமைச்சராக இருந்தவர் கடைசிக் காலத்தில் மதுரை அரசு மருத்துவமனைப் பொது வார்டில் கிடந்ததைக் கண்கலங்கச் சொல்கிறார்கள். 1981-ல் அவர் மறைந்தார். தலித் தலைவரிடம் ஏழ்மையை மட்டும் புகழும் பழக்கத்தில் ஏதோ கோளாறு இருப்பதாக நமக்குப் படுகிறது. கக்கனை ஏழையாக நினைவுகூர்வது ஊருக்கு எளிதாக இருக்கிறது. முருகேசனைத் தலைவராக ஏற்றுக்கொள்வது அவ்வளவு எளிதாக இருக்கவில்லை.

மேலவளவுக்குப் பின் தொண்டு என்ற சொல்லுக்கு மதுரையில் வேறு பொருள் வந்தது. உண்மை அறியும் குழுவில் போனவர்கள், சாட்சிகளுக்கு அருகில் நின்றவர்கள், காசு வாங்காமல் வழக்கு நடத்திய வழக்கறிஞர்கள், சாட்சிகளோடு சேலம் வரை பயணம் போனவர்கள் எல்லாரும் தன்னார்வலர்கள்தான். வழக்கு மதுரைக்கு வெளியே, சேலத்தில் நடந்தது. 2001-ல் அங்கே 17 பேருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. பிற்காலத்தில் அவர்களில் பலர் தண்டனைக் காலம் முடியுமுன் விடுதலையானதையும் பார்த்தோம். தீர்ப்பு வந்த பிறகும் தொண்டு முடிந்துவிடவில்லை என்று அந்தச் செய்தி நமக்குச் சொல்லியது.

உதவி பெறுவதும் உரிமை

இந்த வரலாற்றில் அண்மையில் நடந்த ஒரு மாற்றத்தை மாணவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 2015-ல் திருத்தப்பட்டு, 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்தது. அதில் 15ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. பாதிக்கப்பட்டவர்களும் சாட்சிகளும் பெறும் உரிமைகளை அது வரிசையாகச் சொல்கிறது. அதன் கடைசி உட்பிரிவு, தொண்டு நிறுவனத்தாரின், சமூகப் பணியாளரின், வழக்கறிஞரின் துணையைப் பெறுவது பாதிக்கப்பட்டவரின் உரிமை என்று சொல்கிறது.

எங்கிருந்து எங்கே வந்திருக்கிறோம் என்று பாருங்கள். 1932-ல் தொண்டு செய்வது கொடுப்பவரின் பிராயச்சித்தமாக இருந்தது. இன்று சட்டப்படி அது பெறுபவரின் உரிமை. காவல் நிலையத்துக்கு ஒரு தாயோடு நீங்கள் போய் நிற்கும்போது நீங்கள் அவருக்கு உபகாரம் செய்யவில்லை. அவர் தன் உரிமையைப் பயன்படுத்துகிறார், உங்களைத் தன்னோடு அழைத்து வந்திருக்கிறார். "நீ யாருடா?" என்று கேட்கும் அதிகாரியிடம் சொல்ல இந்தப் பிரிவின் எண் போதும்.

அதே சட்டத்தின் 1995-ஆம் ஆண்டு விதிகளில் 17-ஆம் விதி, ஒவ்வொரு மாவட்டத்திலும் ஆட்சியர் தலைமையில் கண்காணிப்புக் குழு இருக்க வேண்டும் என்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது அது கூட வேண்டும். தலித் சமூகத்தைச் சேர்ந்த, அரசுப் பணியில் இல்லாதவர்களுக்கும் தொண்டு நிறுவனப் பிரதிநிதிகளுக்கும் அதில் இடம் உண்டு. அந்தக் குழு கூடியதா, என்ன பேசியது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுப் போடுவதும் தொண்டுதான். பத்து ரூபாய்ச் செலவு.

என்ன செய்யலாம்

இனி உங்கள் கேள்விக்கு வருவோம். மாலைப்பள்ளிக்குப் போங்கள். விடுதிக்குப் போங்கள். சாதிச் சான்றிதழுக்கும் கல்வி உதவித்தொகைக்கும் விண்ணப்பம் நிரப்பத் தெரியாமல் அலையும் முதல் தலைமுறைப் பிள்ளைகள் ஆயிரம் பேர் இருக்கிறார்கள், அவர்களோடு உட்காருங்கள். உள்ளூர் அமைப்புக்கு மாதம் ஐம்பது ரூபாயாவது சந்தா கொடுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை வரும் பெரிய நன்கொடையைவிட மாதந்தோறும் வரும் சிறு சந்தா ஓர் அமைப்பைத் தலைநிமிர்ந்து நிற்கவைக்கும். பெரும்புரவலர் முகம் சுளித்தால் மூடிவிட வேண்டிய நிலை அதற்கு வராது.

ஆனால் போகிற இடத்தில் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். குழுவில் இந்தத் தெருக்காரர்கள் எத்தனை பேர், அதில் பெண்கள் எத்தனை பேர்? வரவு செலவுக் கணக்கு இந்தத் தெரு மக்களுக்கு வாசித்துக் காட்டப்படுகிறதா? நேற்று இங்கே படித்த பிள்ளை இன்று இங்கே முடிவெடுக்கும் இடத்தில் இருக்கிறதா? இந்தக் கேள்விகளை மற்றவரின் அமைப்பிடம் மட்டும் கேட்டால் போதாது. நம்முடைய அமைப்புகளிடமும், இந்தப் பேரவையிடமும் கேளுங்கள். நம் குழுவில் பெண்கள் குறைவு. அருந்ததியர் தோழர்கள் அதைவிடக் குறைவு. 1932-ல் அம்பேத்கர் பிர்லாவின் சங்கத்திடம் கேட்டதை இன்று அவர்கள் நம்மிடம் கேட்டால் நாம் காந்தியாரின் பதிலைச் சொல்லிவிடக் கூடாது.

நீங்கள் தலித் அல்லாத மாணவராக இருந்தால் இன்னும் ஒரு வேலை உங்களுக்கு உண்டு. சேரிக்கு வந்து பாடம் நடத்துவதோடு அதை நிறுத்திவிடாதீர்கள். உங்கள் சொந்தத் தெருவில், சொந்த வீட்டுத் திண்ணையில், தலித் தலைவர் நாற்காலியில் உட்காருவதை ஏற்க வேண்டும் என்று பேசுங்கள். எங்கள் தெருவில் நீங்கள் பாடம் நடத்தினால் கைதட்டுவார்கள். உங்கள் தெருவில் இதைப் பேசினால் கைதட்ட மாட்டார்கள். அம்பேத்கர் கேட்ட தொண்டு அந்த இரண்டாவது வகை.

முருகேசன் அன்று ஆட்சியர் அலுவலகத்துக்குப் போனது தனக்காக அல்ல. எரிந்துபோன வீடுகளுக்காகப் போனார். தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவராக, தன் மக்களுக்குச் சேர வேண்டியதைக் கேட்கப் போனார். மதுரை வட்டாரத்தின் தொண்டு வரலாற்றில் அவருக்கும் ஓர் இடம் உண்டு. அடுத்த ஜூன் 30 அன்று இந்தக் கூட்டத்துக்கு வரும்போது, உங்கள் ஊராட்சியின் கிராமசபையில் இந்த ஆண்டு யார் பேசினார்கள், யார் பேச முடியாமல் திரும்பினார்கள் என்று எழுதிக்கொண்டு வாருங்கள். அடுத்த ஆண்டின் உரையை அதிலிருந்து தொடங்குவோம்.